ஏழு முடிச்சு வேலி

அடிவாரக் குடியிருப்பு வேலி ஒழுங்கு சபை ஏற்பட்டதற்கு ஒரு வேட்டிதான் காரணம்.

யுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்த சாமிநாதன் அவர்களின் சரிகை வேட்டியை ஒரு கருவேல முள்வேலி பிடித்துக்கொண்டது. அவர் இழுத்தார். வேலியும் விடவில்லை. கடைசியில் வேட்டி முழுவதும் வேலியின் பக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு காவடிக் கூட்டம் வந்ததாகச் சொல்கிறார்கள். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் மூன்று மாதத்துக்குள் சபை ஏற்பட்டது. அவரே அதன் தலைவரானார்.

சபை நாற்பத்தொரு விதிகளை இயற்றியது. வேலி நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. நான்கு அடிக்குக் குறையவும் கூடாது. சரியாக நான்கு அடி இருக்கும் வேலிகள் சந்தேகத்தின் பேரில் மறுபடியும் அளக்கப்படும். முள்வேலியாக இருந்தால் முட்கள் வீட்டுக்காரரின் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

சபைக் கட்டடத்துக்கு வேலி கிடையாது. அதற்கான மனு இருந்தது. தன் மனுவைத் தானே விசாரிப்பது நியாயமாகாது என்பதால் அது நிலுவையில் கிடந்தது. அதனால் மாடுகள் தாராளமாக உள்ளே வந்து, கூடத்தில் அடுக்கியிருந்த காகிதங்களைத் தின்றன. மாடு தின்ற மனுக்கள் பைசலானதாகக் கருதப்படும் என்று முப்பத்தெட்டாம் விதி சொல்லிற்று. அந்த வகையில் பைசல்கள் நல்ல வேகத்தில் நடந்தன.

தேசப்பனுக்கு இந்த விதிகளில் ஒன்றும் தெரியாது. குழித்தறியில் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்து புடவை நெய்கிறவன் அவன். அவன் மனைவி ரஞ்சிதம் அவனுடைய மாமன் மகள். சின்ன வயதில் ஒரே தெருவில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவனை, அத்தான் என்பதற்கு அந்தப் பக்கத்து வழக்கமான "பாவா" என்றும் "நீ" என்றும்தான் சொல்லி வந்தாள். போன வருஷம் பங்குனியில் அவளுக்கு அம்மை வார்த்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது உயிர் இருந்தது, கண் இல்லை. உயிரை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாளே, ஆத்தாள் தயவு, என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் அவளுக்கு ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. சோறு வடித்தாள். ராட்டை முன் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடைக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். அறுந்த இழையை முன்பு கண்ணால் தேடியவள் இப்போது விரலாலேயே கண்டுபிடித்து முடிந்தாள். கொல்லைக்குப் போவதுதான் முடியவில்லை. பின்கதவிலிருந்து கொல்லைக் கோடியில் உள்ள ஓலைத் தட்டி மறைப்பு வரை நாற்பத்திரண்டு அடி. நடுவில் ஆடு கட்டுகிற கட்டை, துவைக்கிற கல், சாயத் தண்ணீர் விடுகிற பள்ளம். ஒவ்வொரு தடவையும் அவள் "பாவா" என்று கூப்பிட வேண்டும். அவன் தறிக்குழியிலிருந்து ஏறி வர வேண்டும். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொள்வாள். அந்த நாற்பத்திரண்டு அடியையும் இருவரும் பேசாமல் நடப்பார்கள். தட்டிக்கு வெளியே அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி நிற்பான். பிறகு திரும்புவார்கள். பதினோரு மாதம் அப்படி நடந்தது. அவள் ஒன்றும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

மாசி பிறந்ததும் அவன் இரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டுச் சவுக்குக் குச்சிகளை நட்டான். இடுப்பளவு உயரம். மேலே பிளந்த மூங்கிலை வைத்துக் கட்டி, சிலாம்பு குத்தாமல் இருக்கக் கழிவு நூலை நெருக்கமாகச் சுற்றினான். வழியில் ஏழு இடத்தில் ஏழு முடிச்சுப் போட்டான். பிறகு அவள் கையை எடுத்து முதல் முடிச்சில் வைத்தான்.

"ஒண்ணு, வாசப்படி. ரெண்டு, ஆட்டுக் கட்டை. மூணு, கல்லு. நாலு வந்தா பள்ளம், இந்தாண்ட ஒதுங்கிக்க. அஞ்சும் ஆறும் சும்மா, வழிக்கு. ஏழு, தட்டி."

"நீ உள்ள போ" என்றாள் ரஞ்சிதம்.

"மொத தபா நான் கூட வரேன்."

"உள்ள போ பாவா. தறில போய் உக்காரு."

அவன் தறியில் போய் உட்கார்ந்தான். நெய்யவில்லை. காதை மட்டும் கொல்லைப் பக்கம் வைத்திருந்தான். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கோடியிலிருந்து குரல் வந்தது.

"ஆங், வந்துட்டேன்! நீ நெய்யி!"

அவன் மிதியை மிதித்தான். நாடா ஓடிற்று. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் பின்கதவைத் திறந்தால் தறி நிற்கும். "வந்துட்டேன்" என்று குரல் வந்தால் தறி ஓடும்.

பக்கத்து வீட்டுப் பூவம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏண்டி ரஞ்சிதம், மில்லுக்குச் சங்கு ஊதற மாதிரி ஊதற? நீ கொல்லிக்குப் போன சேதி அரக்கோணம் வரைக்கும் கேட்டிருக்கும்டி."

"கேக்கட்டுங்க்கா. மல மேல முருகனப் பாக்கணும்னா முந்நூத்தி அறுவத்தஞ்சு படி ஏறணும். எனக்கு ஏழே முடிச்சு. கொறச்சலான வெலைக்குக் கெடச்சிகீது, சொல்லிகினா இன்னா?"

அந்த வேலி பத்தொன்பது நாள் இருந்தது.

இருபதாம் நாள் சபையின் வேலி இன்ஸ்பெக்டர் வரதராஜன் அளவு நாடாவோடு வந்தார். நல்ல மனிதர். வெயிலில் நடந்து வந்ததால் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு படிவத்தை விரித்தார்.

"இது இன்னாய்யா, வேலியா?"

"அப்டிதாங்க."

"உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது?"

"ரெண்டு பக்கமும் நம்ம கொல்லிதாங்க."

வரதராஜன் வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து இந்தப் பக்கம் நின்று பார்த்தார். "அங்கேருந்து பாத்தாலும் இதே மாதிரிதான்யா கீது" என்றார் கவலையோடு. "சரி, யாரத் தடுக்கறதுக்கோசரம் போட்ட?"

"யாரையும் தடுக்கலீங்க. எங்க வூட்டுல அதுக்குக் கண்ணு தெரியாது. கையப் புடிச்சு கூட்டிகினு போறதுக்குங்க."

வரதராஜன் படிவத்தை மேலிருந்து கீழே ஒரு முறையும், கீழிருந்து மேலே ஒரு முறையும் படித்தார்.

"கூட்டிகினு போறதுக்கு இதுல கட்டம் இல்லியே" என்றார்.

மறுநாள் நோட்டீசு வந்தது. அனுமதியின்றி எழுப்பப்பட்டதும், நான்கு அடிக்குக் குறைந்ததும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் அற்றதும், ஒருவரையும் தடுக்காததுமான வேலியை, விசாரணை முடியும் வரை அகற்றி வைக்க வேண்டும் என்று கண்டிருந்தது. இரண்டு ஆட்கள் வந்து குச்சிகளைப் பிடுங்கி, எண்ணி, சாட்சியப் பொருள் என்று கட்டி எடுத்துப் போனார்கள்.

தேசப்பன் அன்று சாயங்காலமே பின்கதவு நிலையிலிருந்து தட்டி வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினான். மூன்றாம் நாள் அதற்கும் நோட்டீசு வந்தது. கயிறு என்பது வேலி போடும் முயற்சி. முயற்சி, வேலியைவிடக் கடுமையான குற்றம். வேலியில் அறியாமை இருக்கலாம், முயற்சியில் எண்ணம் இருக்கிறது. கயிற்றையும் கொண்டுபோனார்கள்.

ரஞ்சிதம் மறுபடியும் "பாவா" என்று கூப்பிட்டாள். அவன் மறுபடியும் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தான்.

கண் தெரியாதவளுக்கு வேலி அவசியம் என்று தேசப்பன் சபைக்கு ஒரு மனுக் கொடுத்தான். முதல் விசாரணை மாசிக் கடைசியில் நடந்தது. தலைவர் சாமிநாதன் அவர்கள் உயரமான நாற்காலியில் அமர்ந்திருந்தார். ராவ் சாகிப் பட்டத்துக்கு இரண்டு முறை அவர் பெயர் போய், இரண்டு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. அதனால் அவர் பேச்சில் எப்போதும் ஒரு பட்டமளிப்பு விழாவின் தோரணை இருக்கும்.

"வேலி என்பது என்ன?" என்று கேட்டார். பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. "இரண்டு மனிதர்களுக்கு நடுவில் இருக்கும் அவநம்பிக்கை. அந்த அவநம்பிக்கை இவ்வளவு அடி உயரம் இருக்கலாம், இந்தத் திசையில் போகலாம் என்று ஒழுங்கு செய்வதற்கே இந்தச் சபை. நீ என்ன செய்திருக்கிறாய்? யார்மேலும் அவநம்பிக்கை இல்லாமல் ஒரு வேலி போட்டிருக்கிறாய். இதை அனுமதித்தால் நாளைக்கு மற்ற வேலிகளை யார் மதிப்பார்கள்?"

"எங்க வூட்டுல கண்ணு..." என்று தேசப்பன் ஆரம்பித்தான்.

"அதற்கு வருவோம். முதலில் ஒன்பதாம் விதி."

ஒன்பதாம் விதிப்படி, வேலிக்கு இரண்டு பக்கத்து நிலத்துக்காரரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வேலிக்கு இரண்டு பக்கமும் தேசப்பனே இருந்தான். குமாஸ்தா அனுபவம் உள்ளவர். "கொழப்பிக்காதய்யா. எடது பக்கத்துக்காரருக்கு எடது கட்டவிரலு, வலது பக்கத்துக்காரருக்கு வலது கட்டவிரலு. ரெண்டையும் வை" என்றார். தேசப்பன் வைத்தான்.

பத்து நாள் கழித்து இரண்டு சம்மன்கள் ஒரே கதவில் ஒட்டப்பட்டன. அந்தத் தேதியில் சேவகன் வாசலில் நின்று, "எடது பக்கத்து தேசப்பன்! எடது பக்கத்து தேசப்பன்!" என்று மூன்று முறை கூவினான். தேசப்பன் உள்ளே போனான்.

"உமக்கும் வலது பக்கத்துக்காரருக்கும் ஏதாவது தகராறு உண்டா?" என்று தலைவர் கேட்டார். பக்கத்து நிலத்துக்காரர் என்பதால் மரியாதையாக "உமக்கு" என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் தேசப்பன் கேட்ட கேள்விக்கு யோசித்து, உள்ளதைச் சொல்லிப் பழகியவன். இரண்டு பக்கத்தையும் மனதில் நிறுத்திப் பார்த்தான். வலப்பக்கம் ஆடு கட்டியிருக்கிறது. இடப்பக்கம் பாவு நூல் உலர்த்துகிற கொடி.

"தகராறுன்னு இல்லீங்க. அப்பப்போ அந்தாண்டேருந்து ஆடு வந்து நூல மென்னுடும்."

கூடத்தில் ஒரு சுறுசுறுப்பு உண்டாயிற்று.

"யாருடைய ஆடு?"

"எங்க ஆடுதாங்க."

"வலது பக்கத்துக்காரரின் ஆடு என்று எழுதிக்கொள்" என்றார் தலைவர் குமாஸ்தாவிடம். "சேதம் உண்டு என்றும் எழுதிக்கொள்."

இப்படியாக அந்த வழக்கு, ஆட்சேபமுள்ள வழக்கு ஆயிற்று. வலது பக்கத்து தேசப்பன் பதில் சொல்ல மூன்று வாரம் தவணை கொடுக்கப்பட்டது. கைகலப்பு நேராமலிருக்க இரண்டு பேரும் ஒரே நாளில் வரக் கூடாது என்றும் உத்தரவாயிற்று. தேசப்பன் அந்த நாளில் வலது பக்கத்துக்காரனாகப் போனபோது, வாசலிலேயே சேவகன் கேட்டான்.

"அந்த ஆளு வந்துகீறாரா?"

"வரலீங்க" என்றான் தேசப்பன். அவனுக்குச் சபையின் பாஷை கொஞ்சம் பழகியிருந்தது.

தலைவர் அன்று சமாதானத்தை விரும்பினார். அக்கம்பக்கத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்தவர்கள் ஒரு ஆட்டுக்காகப் பகைத்துக்கொள்வது அழகல்ல என்று அரை மணி நேரம் பேசினார். கடைசியில் இரு தரப்பாரும் கை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தேசப்பன் தன் இரண்டு கைகளையும் சேர்த்தான். பார்க்க, கும்பிடுவது போலத்தான் இருந்தது.

வீட்டில் ரஞ்சிதம் கூப்பிடுவது குறைந்திருந்தது. முன்பு பகலில் ஐந்தாறு தடவை கூப்பிடுவாள். அது மூன்றாயிற்று. பிறகு காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. தறி தடங்கலில்லாமல் ஓடியது. விசாரணைக்குப் போன நாட்களை ஈடுகட்டி, அந்த மாதம் ஒரு புடவை கூடுதலாகவே விழுந்தது. சித்திரை வெயிலிலும் நன்றாக நெய்ய முடிகிறதே என்று தேசப்பனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் கூட இருந்தது.

பூவம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள். "குடிடி. கொளுத்துது வெயிலு."

"வேணாங்க்கா. வயிறு ரொம்பிகீது."

"இன்னாத்த ரொம்பிகீது? ஒதடு வெடிச்சிப் பொளந்துகினு கீது."

"கிருத்திக வெரதம்க்கா."

"இன்னிக்கு இன்னாடி கிருத்திக? அது முடிஞ்சு எட்டு நாளாவுது."

"நான் கண்ணு தெரியாதவ. எனக்கு எட்டு நாள் லேட்டாதான் வரும்" என்றாள் ரஞ்சிதம். பூவம்மாள் சிரித்துவிட்டாள். தறியில் இருந்த தேசப்பனும் சிரித்தான். மோர் செம்போடு திரும்பிப் போயிற்று.

அடுத்த விசாரணை, கண்ணைப் பற்றியது. மனுதாரரின் மனைவிக்குக் கண் தெரியாது என்பதற்கு மனுதாரரின் வார்த்தை தவிர அத்தாட்சி இல்லை. ஆகவே அவள் நேரில் வர வேண்டும். தேசப்பன் அவளை அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோடு வழியாக நடந்து போனான். பூவம்மாளும் கூட வந்தாள். பாதி வழியில் ரஞ்சிதம் இரண்டு முறை மரத்தடியில் உட்கார்ந்தாள். வெயில் என்று நினைத்தார்கள்.

கூடத்தின் நடுவே அவளை நிறுத்திவிட்டு, தேசப்பனை எட்டப் போகச் சொன்னார்கள்.

"வேலி இல்லாமல் இந்த அம்மாளால் நடக்க முடியாது என்பது மனு" என்றார் தலைவர். "இங்கே வேலி இல்லை. நடக்கட்டும், பார்ப்போம்."

"முன்னால இன்னா கீதுங்க?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

"அதை நீதான் சொல்ல வேண்டும்."

அவள் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். இடுப்பளவு உயரத்தில், மூங்கில் இருக்க வேண்டிய இடத்தில், அந்தக் கை கொஞ்ச நேரம் நின்றது. ஒன்றும் இல்லை. கையை மடக்கிக்கொண்டாள். காலை எடுத்து வைக்கவில்லை. அப்படியே நின்றாள். சபையினர் காத்திருந்தார்கள். குமாஸ்தாவின் பேனா காத்திருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார், பிறகு அதையும் நிறுத்திக்கொண்டார். சுவரோரமாக நின்ற தேசப்பனுக்கு, ஓடிப்போய்த் தன் தோளைக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. கொடுத்தால் வழக்கு கெட்டுவிடும் என்று சேவகன் சொல்லியிருந்தான்.

கூடத்து ஓரத்தில் ஏதோ பரபரவென்று கிழிந்தது. ரஞ்சிதம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"மாடு காயிதம் தின்னுதுங்க" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடு காகிதம் தின்றுகொண்டிருந்தது.

குறிப்பேட்டில் இவ்வாறு எழுதப்பட்டது: "மனுதாரரின் மனைவி, சபையினர் ஒருவரும் கவனிக்காத மாட்டை முதலில் கண்டு சரியாக அடையாளம் சொன்னார். மேலும், வேலி இல்லாத கூடத்தில் கால் மணி நேரம் இருந்தும் எதன்மீதும் மோதிக்கொள்ளவில்லை."

பூவம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியுதே, நீங்க ஏன்யா மாட்டப் பாக்கல?" என்று கேட்டாள். அவள் மனுதாரர் அல்ல என்பதால் அந்தக் கேள்வி பதிவு செய்யப்படவில்லை.

திரும்பும்போது ரஞ்சிதம் சொன்னாள். "பாவா, இனிமே அங்க போவாத. எனக்கு அது வேணாம். தறி கெட்டுப் போவுது."

"பைசல் ஆயிடும். இன்னும் ஒரு தபாதான்."

அவன் தோளில் இருந்த அவள் கை கொதித்தது.

வைகாசி முதல் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இடுப்பை வலிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். கால்கள் வீங்கின. மூன்றாம் நாள் மணவூரிலிருந்து ஒரு டாக்டர் ரயிலில் வந்தார். கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

"இந்த வெயில்ல இந்தம்மா தண்ணியே குடிக்கலியா?" என்று கேட்டார். "ரொம்ப நாளா குடிக்காம இருந்துகீறாங்க. ஏன்?"

தேசப்பன் மூலையில் இருந்த பானையைப் பார்த்தான். விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. அவன் தினமும் அதில் எவ்வளவு கொஞ்சமாக ஊற்றி நிறைத்தான் என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

பூவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "தண்ணி குடிச்சா கொல்லிக்குப் போவணும், பாவாவ எத்தினி தரம் தறிலேருந்து எழுப்பறதுன்னு ஒரு நாள் சொல்லிகினு இருந்தா. சும்மா வெளையாட்டுக்குச் சொல்றான்னு நான் வுட்டுட்டனே..."

காய்ச்சல் மயக்கத்தில் ரஞ்சிதத்தின் கை சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது. அரை அடி போகும், நிற்கும், மறுபடி போகும். முடிச்சை எண்ணுகிறாள் என்று தேசப்பனுக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து எண்ணினான். ஒன்று வாசற்படி. இரண்டு ஆட்டுக் கட்டை. மூன்று கல். நாலுக்கு மேல் கை போகவில்லை. ஒவ்வொரு முறையும் நாலிலேயே நின்றது. ஐந்தாம் நாள் மத்தியானம், நின்ற கை கீழே இறங்கிவிட்டது.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் அனுமதி வந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சபையின் வருஷ அறிக்கை அச்சுக்குப் போகும் சமயம் அது. 'ஒழுங்கு', 'கண்டிப்பு', 'பைசல்' ஆகிய தலைப்புகளின் கீழ் நிறைய இருந்தது. 'கருணை' என்ற தலைப்பின் கீழ் எழுத ஒன்றும் இல்லை. மேலிடத்தார் பட்டத்துக்கு ஆள் பார்க்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள் என்று யாரோ தலைவரிடம் சொல்லியிருந்தார்கள். பார்வையற்ற பெண்மணி ஒருவருக்காகச் சபை தன் விதிகளைத் தளர்த்தி, உள்ளும் புறமும் அற்ற ஒரு வேலியை அனுமதித்தது என்று ஒரு பாரா அன்றே எழுதப்பட்டது.

தேசப்பன் அனுமதிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனான். "இனிமே வேலி வேணாங்க" என்றான். ஏன் என்று கேட்டார்கள். சொன்னான்.

தலைவர் எழுந்து நின்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். எழுந்து நின்றவருக்குப் பேசாமல் உட்கார வராது.

"மனிதர்கள் வருவார்கள், போவார்கள். நானே ஒரு நாள் போய்விடுவேன். ஆனால் அனுமதி இருக்கும். அனுமதி அந்த அம்மாளுக்குக் கொடுக்கப்பட்டதல்ல தேசப்பா, வேலிக்குக் கொடுக்கப்பட்டது. வேலி வேண்டாம் என்று நீ இப்போது சொன்னால், அவசியம் என்று அப்போது மனுவில் சொன்னது பொய்யாகிவிடும். பொய் மனுவுக்கு நாற்பதாம் விதி இருக்கிறது. அது உனக்கு வேண்டாம். அதைவிட முக்கியமான விஷயம்..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கருணை அச்சாகிவிட்டது."

பதினைந்து நாளுக்குள் வேலி எழும்ப வேண்டும். எழும்பிய வேலி உபயோகத்தில் இருக்க வேண்டும். அதை இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து எழுத வேண்டும். இவை நிபந்தனைகள்.

சாட்சியப் பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். குச்சிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. மூங்கிலும் இருந்தது. முடிச்சு நூல்களை மட்டும் யாரோ பொறுமையாக அவிழ்த்து, 'வேலியின் பாகம் அல்லாதவை, ஏழு' என்று எழுதி ஒரு பொட்டலமாகக் கட்டியிருந்தார்கள்.

அவன் பழைய குழிகளிலேயே குச்சிகளை நட்டான். மூங்கிலை வைத்துக் கட்டினான். பொட்டலத்தைப் பிரித்து, அதே ஏழு நூலை அதே ஏழு இடத்தில் முடிந்தான். பூவம்மாள் தன் வீட்டுப் பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று பரிகாசம் எதுவும் செய்யவில்லை.

ஆனி முடிகிற சமயம், ஒரு காலை வேளையில் வரதராஜன் வந்தார். இந்த முறை தண்ணீர் கேட்கவில்லை. தேசப்பன் கொண்டுவந்து கொடுத்த செம்பை வாங்கி, குடிக்காமல் படியில் வைத்தார். உயரத்தை அளந்தார். நீளத்தை அளந்தார். நாற்பத்திரண்டு அடி. படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அதன்மேல் பென்சிலை வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டார்.

"உபயோகத்துல கீதான்னு போடணும்யா" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் பாத்துட்டுதான் எழுதணும். யாராச்சும் நடந்து காட்டணும்."

தேசப்பன் பின்கதவிலிருந்து இறங்கினான். வலது கையை மூங்கில்மேல் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். அப்படிச் செய் என்று வரதராஜன் சொல்லவில்லை.

ஒன்று, வாசற்படி. இரண்டாம் முடிச்சு வரை நாலு எட்டு இருந்தது. அவன் கட்டியதுதான். ஆனால் அது இவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. மூன்றில் கல்லின் ஈரம் பாதத்தில் பட்டது. நாலாம் முடிச்சில் நின்றான். நூலை விரலால் தடவினான். பள்ளம் எந்தப் பக்கம் என்பது சட்டென்று மறந்துபோயிற்று. சொன்னது நினைவு வந்து, ஒதுங்கி நடந்தான். ஐந்து. ஆறு. இவை சும்மா, வழிக்கு.

ஏழாவதில் கை நின்றது. முன்னால் ஓலையின் வாசனை வந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துட்டியாய்யா?" என்று வரதராஜன் வாசற்படியிலிருந்து கேட்டார்.

தேசப்பன் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"ஆங், வந்துட்டேன்" என்றான்.

காத்திருந்தான். வீட்டுக்குள் தறி ஓடவில்லை. மலையில் யாரோ மணி அடித்தார்கள், அதுவும் நின்றது. அவன் கண்ணை மூடியபடியே, கையை எடுக்காமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

வரதராஜன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்: "வேலி உபயோகத்தில் உள்ளது. குறை ஏதும் காணப்படவில்லை."